மூடியைத் தொடாதீங்க

அந்த மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு முகம். மெக்கானிக் கடை வாசலில் நின்றால் பரம சாது. ஒரே உதையில் கிளம்பும், சீராக ஓடும். அதே வண்டி விடிகாலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்து மேட்டுக்கு வந்தால் போதும், இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். உதைத்து உதைத்துக் கால் வீங்கினாலும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து மனசு வந்து தானாகவே கிளம்பும். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் பழைய கதைதான்.

இத்தனைக்கும் ஓட்டுகிறவள் மெக்கானிக்கின் மனைவி. பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. பழைய வண்டி என்றால் அவள் கணவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்; அவரும் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவர் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றினார். அதன் ஜெட் துளையை ஊதினார், ஃபில்டரை மாற்றினார், பிளக்கைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். வண்டி வெண்ணெயாக ஓடும்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல. மேட்டுல நீ ஓட்டற விதம்தான் சரியில்ல" என்றார் கடைசியில்.

அது அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்காக பேக்கரியின் பின்னறையில் ரொட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு நின்றவள் அவள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்டு, சிரித்தவர்கள் கண்ணெதிரே விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டு, முழங்காலெல்லாம் தழும்போடு வாங்கிய வேலை. காலித் தெருவும் குளிர்ந்த காற்றும், கதவைத் திறந்து "வந்துட்டியாம்மா" என்கிற முகங்களும் அவளுக்கே அவளுக்கு என்று ஆகிவிட்டன. அதைத் திருப்பிக் கொடுப்பதாவது!

ஆனால் பிடுங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்தது. அன்றைக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ரொட்டி தாமதமாகப் போனதும், பேக்கரி முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"கோச்சுக்காதம்மா. ராத்திரி முழுக்க நின்ன நர்ஸுங்க வெறும் வயித்தோட வீட்டுக்குப் போறாங்களாம். நாளைக்கும் லேட்டானா அந்த வேலைய வேன்காரர்கிட்ட கொடுத்துடுவேன்."

அவள் நேரே கணவர் கடைக்குப் போய் வண்டியை நிறுத்தினாள். "மறுபடியும் நின்னுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் செய்தது வழக்கமானதுதான். எந்த வண்டி வந்தாலும் கை தன்னால் அங்கேதான் போகும்: டேங்க் மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, "ம், பெட்ரோல் இருக்கு" என்பார். மூடிவிட்டு ஓர் உதை. வண்டி கிளம்பிவிட்டது.

"பார்த்தியா? என்கிட்ட மட்டும் எப்படிக் கிளம்புது?"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றியது. உண்மைதானே, இவரிடம் மட்டும் எப்படி? ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லையே. மூடியைத் திறந்தார், மூடினார், அவ்வளவுதான். அவள் வழியில் மூடியைத் திறப்பதே கிடையாது. பெட்ரோலை அவரே ரொப்பிக் கொடுத்துவிடுவார். தவிர, டேங்க் மேல்தான் பன் பையைக் கட்டியிருப்பாள்.

"நாளைக்கு நீங்களும் வர்றீங்க" என்றாள்.

"நானா? கடையை யார் திறக்கறது?"

"கடை எங்கயும் ஓடிப் போயிடாது. என் வேலைதான் ஓடிப்போகப் பார்க்குது."

மறுநாள் விடிகாலை, பின்னால் ரொட்டிப் பெட்டி, முன்னால் மனைவி, நடுவில் ஜாம் மாதிரி அவர். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். பாலத்து மேடு வந்தது. வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றேவிட்டது.

"அட, நிஜமாவே நிக்குதே!" என்றார்.

"பின்ன நான் என்ன கதையா சொன்னேன்?"

அவர் இறங்கினார். இறங்கியதும் கை பன் பையை விலக்கிக்கொண்டு நேரே மூடிக்குப் போனது. அவள் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூடியைத் தொடாதீங்க!"

"ஏய், பெட்ரோல் இருக்கான்னு பார்க்க வேணாமா?"

"நேத்து நீங்கதானே ரொப்பினீங்க? எங்க போயிருக்கும்? முதல்ல கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டுங்க."

அவள் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் கழற்றினார். டேங்கின் டேப் திறந்துதான் இருந்தது. ஆனால் குழாயிலிருந்து நாலு சொட்டு விழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லை.

"டேப்ல அடைப்பு" என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"இருங்க. இப்ப மூடியைத் திறங்க."

திறந்தார். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி, கையில் பிடித்திருந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடித்து அவர் கால் செருப்பை நனைத்தது. அவசரமாக டேப்பை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அவர் மெதுவாக மூடியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கறுப்பாக வட்டமாக ஒரு ரப்பர். பழைய டியூபிலிருந்து அழகாக, அச்சாக வெட்டியது. வெட்டியது யார்? சாட்சாத் அவரேதான். பன்னில் பெட்ரோல் வாசனை வருகிறது என்று கேன்டீன்காரம்மா முகம் சுளித்ததாக மனைவி வந்து கண்கலங்கியபோது, ஒரு துளி வாசனைகூட வெளியே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்த ரப்பர். வாசனையோடு சேர்த்து மூடியில் காற்று போகிற துளையையும் அடைத்துவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு உள்ளே போகக் காற்றில்லை. பாலம் வருவதற்குள் பெட்ரோலும் வருவதை நிறுத்திக்கொண்டது; இண்டு இடுக்கில் கொஞ்சம் காற்று கசிந்து நுழைந்த பிறகுதான் மறுபடி இறங்கியது. கடையில் அவர் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, நோயைத் தானே விரட்டிவிட்டு, வண்டியில் குறையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டற விதம் எப்படி?" என்றாள் அவள்.

அவர் அசடு வழிய ரப்பரைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைப் போட்டு, குழாயை மாட்டி, டேப்பைத் திறந்துவிட்டார். பன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாசனைக்கு வேற வழி பண்றேன். பன் பையை மாட்டப் பின்னாடி ஒரு கொக்கி வச்சுடறேன்."

அவள் உதைத்தாள். ஓர் உதைதான். வண்டி மேடு ஏறி, பாலம் கடந்து, அடுத்த திருப்பத்தையும் தாண்டியது. ஒரு இருமல் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனக்கு ஓட்டத் தெரியவில்லையோ என்று அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் வேண்டாம்.

கேன்டீன்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னை முகர்ந்தாள். "இப்படி வந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். நர்ஸுகள் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பியபோது முதலாளி பேக்கரி வாசலிலேயே நின்றிருந்தார். கணவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடே, ஒருவழியா நீயே வந்து சரி பண்ணிட்டியா? கைன்னா அது கைப்பா!"

வழியெல்லாம் அவள் குத்தலாகப் பேச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். இப்போது எடுத்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கெடுத்ததே நான்தாங்க. கண்டுபிடிச்சது இவ. இவ ஓட்டறதுல ஒரு குறையும் இல்ல."

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னார். பின்னறையிலிருந்து உறை மாட்டுகிற பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குத் தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

"ஏறுங்க, கடையில விட்டுட்டுப் போறேன்" என்றாள். "வழியில மேடு இருக்கு. கெட்டியா பிடிச்சுக்கோங்க."

அவர் கெட்டியாகவே பிடித்துக்கொண்டார்.