குளிரில் கிடந்த கத்திகள்

டிராக்டரை வாடகைக்கு ஓட்டும் என் அக்கா உழப்போவது கல் நிலம். போன பருவத்தில் அங்கே, டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்திகள் பாதி வேலையிலேயே மழுங்கிவிட்டன. அத்தனையையும் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் மழை இறங்கி, விதைப்பு கெட்டது. நிலத்துக்காரம்மா இந்த முறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "மறுபடியும் வேலையக் கெடுத்தீங்கன்னா அடுத்த வருஷம் வேற வண்டிதான்."

அக்காவுக்கு இருப்பதிலேயே பெரிய வேலை அதுதான். அது கைவிட்டுப் போனால் டிராக்டரை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஆகவே புதுக் கத்திகளில் பாதியை நான் வேலை செய்யும் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கே திரவ நைட்ரஜனால் குளிரும் பெட்டி ஒன்று உண்டு. எஃகை அதில் மெல்ல மெல்லக் குளிரவிட்டு, அதே நிதானத்தோடு பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கடைசியில் அளவாகச் சூடு காட்டினால் தேய்மானம் குறையும். தகடு வெட்டும் அச்சுகளுக்குச் செய்திருக்கிறோம், மண்ணைக் கிழிக்கும் கத்திக்கு இதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் இவை, மறுபக்கம் சாதாக் கத்திகள் என்று மாட்டி ஒப்பிடுவது என் திட்டம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால், குளிரில் வைத்தவற்றின் துளைகளில் கம்பி கட்டிக் கொடுத்திருந்தேன்.

உழவு நாளன்று காலையில் போனால், அத்தான் கொட்டகை வாசலிலேயே சிரித்தபடி நின்றார்.

"வா மச்சான். உன் கத்திக்கெல்லாம் ஜலதோஷம் தெளிஞ்சிடுச்சு. எல்லாத்தையும் தொடைச்சு, எண்ணெய் போட்டு, ஒண்ணா அடுக்கிட்டேன்."

"கம்பி?"

"அசிங்கமா தொங்கிச்சே, அதுவா? அறுத்துப் போட்டுட்டேன்."

அத்தான் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பேனர்கூடக் கோணலாகக் கிடக்காது. அந்தச் சுத்தம் என் திட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் சிலையா நிக்காதீங்க," என்றாள் அக்கா. "வளைவு இடமா வலமான்னு மட்டும் பாத்து மாட்டுங்க. எது எதுன்னு கல்லே சொல்லட்டும்."

முக்கால் நிலம் ஓடியதும் ரோட்டவேட்டர் உதறத் தொடங்கியது. அக்கா நிறுத்தினாள். நிலத்துக்காரம்மா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சா?"

"கொஞ்சம் இருங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்."

தூக்கிப் பார்த்தோம். சில கத்திகள் தேய்ந்த சோப்புக்கட்டியைப் போல உருண்டிருந்தன. அவற்றுக்கு நடுநடுவே மற்றவை முனை கெடாமல் நின்றன.

"மச்சான், யாரு யாருன்னு மூஞ்சியிலயே தெரியுது!" அத்தான் கத்தினார்.

"கொஞ்சலாம் அப்புறம். மழுங்கினத மட்டும் கழட்டுங்க," என்றபடி அக்கா மாற்றுக் கத்திகளை எடுத்துப் போட்டாள்.

பாதி போல்ட்டுகளை மட்டும் கழற்றி மாட்டியதோடு வேலை முடிந்தது. கடைசி உழவுச் சால் ஓடி முடிந்த பிறகும் மழை வரவில்லை.

நிலத்துக்காரம்மா குனிந்து மண்ணை அள்ளி, உதிர்த்துப் பார்த்தார். பாராட்டவில்லை.

"அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே வந்துடு. மேட்டு நிலமும் இருக்கு."

"சரிம்மா," என்று அக்கா வண்டியைக் கிளப்பினாள். திருப்பம் தாண்டிய பிறகுதான் அவள் சிரித்த சத்தம் கேட்டது.