ஐந்தாம் நாள் சூடு

எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனை. சூரிய மின்சாரத்தை நம்பி ஓடுவது. மழைக்காலத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் எட்டிப்பார்க்காது. அந்த ஐந்து நாளுக்கு எதில் சேமித்து வைத்தால் மலிவு என்று நான் ஒப்பிட்டுச் சொல்லவேண்டும்.

பேட்டரி ஒரு ராத்திரிக்கு ராஜா. ஐந்து நாளென்றால் விலை தலையைச் சுற்றவைக்கிறது. தண்ணீரை மேலே ஏற்றிவைத்து இறக்கலாமென்றால் தொட்டி கட்ட இடமில்லை. பெரிய இரும்புத் தொட்டியில் மணலைச் சூடேற்றி வைப்பது மலிவுதான். ஆனால் நூறு யூனிட் கொடுத்தால் முப்பது யூனிட்தான் மின்சாரமாகத் திரும்புகிறது. மணலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, பட்ஜெட்டுக்குள் அடங்கும் இரண்டு நாள் பேட்டரி போதும் என்று எழுதினேன்.

அங்கே குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் என் தங்கை. போனில் அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு நாளா? மூணாம் நாள் என் வாண்டுங்கள என்ன பண்றது? போன மழைக்கு ஆளுக்கு ஒண்ணா நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்க்கா. என்கிட்ட இருந்தது ஜில்லுனு ஆயிடுச்சு. அப்புறம்..." நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் குழந்தையைப் பற்றி இதுவரை அவள் வாயே திறந்ததில்லை. துக்கம் வந்தால் கோபம்தான் வரும் எனக்கு.

"அப்படி எதுக்குடி அவ்வளவு கரண்ட் உங்களுக்கு?"

"லைட்டு, மானிட்டரெல்லாம் கொசுறு. முக்காவாசி ரூமைச் சூடா வைக்கத்தான்."

சுருக்கென்றது. சூடான மணலை மின்சாரமாக்கி, அதை மறுபடி சூடாக்கி... தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன்! என் அட்டவணையில் மின்சாரத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. சூட்டைச் சூடாகவே கொடுத்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து தேறியது. விளக்குக்குச் சின்ன பேட்டரி போதும். ஐந்து நாளும் பட்ஜெட்டுக்குள் அடங்கின.

அடுத்த மழைக்காலம், வெயில் போன ஐந்தாம் நாள், நானே மலையேறினேன். மணல் தொட்டியின் சூட்டில் வார்டு வெதுவெதுப்பாக இருந்தது. ஆறு வாண்டுகளும் அதனதன் தொட்டிலில் தூங்கின. தங்கை ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"என்னடி, வெட்டியா நிக்கிற?"

"ஆமாக்கா. கை காலியா இருக்கு."

அந்தக் கைகளால் என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு வருடம் கழித்து, அந்தக் குழந்தைக்காக அழுதாள்.