பதினோரு இடத்தில் சிரித்தார்கள்

ஸ்ரீலேகா எழுதிய ஐந்தாவது படம் ஒரு கொலைக் கதை. நாலு நடிகர்கள், ஒரே வீடு, பதினான்கு நாள் படப்பிடிப்பு. வீட்டை விட்டு வெளியே போகாமல் இரண்டு மணி நேரம் கதை சொல்ல அவளுக்குத் தெரியும். சின்ன பட்ஜெட்டில் தெலுங்குப் படம் எடுக்கிறவர்கள் அவளைத் தேடி வந்தது அதற்காகத்தான். செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், எழுதுவது தெலுங்கு. மாதாப்பூரில் பார்த்த சாப்ட்வேர் வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

படம் முடிந்ததும் பிரிவியூ தியேட்டரில் அறுபது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். இருபதாவது நிமிடத்தில் கொலைகாரன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு தன் கோபத்தையெல்லாம் வசனமாகப் பேசினான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கத்தியை எடுத்தபோது அந்த வரிசையே சிரித்தது.

கொலைகாரனாக நடித்தவர் வரதராஜன். குஷாய்குடா பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவருக்கு சினிமாவில் இதுதான் முதல் பெரிய வேஷம். மனைவி தங்கத்தையும் அழைத்து வந்திருந்தார். இடைவேளையில் இருவரும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

ஸ்ரீலேகாவுக்கு முதல் சிரிப்பில் முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மூன்றாவது சிரிப்பில் பையிலிருந்து நோட்டை எடுத்து, எந்தெந்த இடம் என்று இருட்டிலேயே கிறுக்க ஆரம்பித்தாள். மொத்தம் பதினோரு இடம்.

படத்தைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர் ராகவேந்திரா. டைரக்டர் ராகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீலேகா மட்டும், வெளியிலிருந்து வந்த ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை, போனை எடுக்கவில்லை என்று சொன்னாள். இதையே சிரிப்புப் படமாக மாற்றுகிறேன் என்று, எழுத ஒரு வாரமும் எடுக்க மூன்று நாளும் கேட்டாள். நாலாவது நாள் என்ற பேச்சே கூடாது என்று ராகவேந்திரா ஒப்புக்கொண்டார்.

ஐந்தே நாளில் எழுதி முடித்தாள். புதுக் கதையில் வீட்டிலிருக்கும் மூன்று பேருக்கும் அவன் கொலைகாரன் என்று முதலிலேயே தெரியும். ஓட வழியில்லாததால் தெரியாதவர்கள் போல அவனுக்குச் சோறு போட்டு, படுக்கை விரித்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே எடுத்த காட்சிகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தின. வரதராஜனுக்கு ஆறு காட்சிதான் புதிது. ஆனால் அவர் போனையே எடுக்கவில்லை. காகிதங்களோடு குஷாய்குடாவிலிருந்த அவர் வீட்டுக்கு நேரில் போனாள்.

"நக்கோம்மா, வேணாம்," என்றார் அவர். "ஒரு தடவை சிரிச்சது போதும். இவளைப் பக்கத்துல உக்கார வச்சுகிட்டு கேட்டேன் அந்தச் சிரிப்பை."

"தப்பு என்னோடது அங்கிள். கட்டிலுக்கு அடியில படுத்துகிட்டு ஒரு முழுப் பக்கம் வசனம் பேசற ஆளை நான்தான் எழுதினேன். நீங்க அதை நம்பிப் பேசினீங்க. அதனாலதான் ஜனங்க கடைசிவரைக்கும் உக்காந்திருந்தாங்க."

"இப்ப கோமாளியா நடிக்கச் சொல்றியா?"

"இல்ல. அன்னிக்கு நடிச்ச மாதிரியேதான் நடிக்கணும். சிரிக்க வைக்கறதுக்காக ஒண்ணும் செய்யாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கம் காகிதங்களை வாங்கிப் புரட்டினாள். கொலைகாரன் கையில் கத்தியோடு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வரதராஜன் காகிதத்தைப் பிடுங்கி, அந்த வரியை அவளைப் பார்த்து முறைத்துக்கொண்டே சொன்னார். அவள் மறுபடியும் சிரித்தாள். அவருக்கு இந்த முறை கோபம் வரவில்லை. என்றைக்கு ஷூட்டிங் என்று கேட்டார்.

இரண்டாம் நாள் ரசக் காட்சி. லைட் போடுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அதில் உற்சாகமாகி வரதராஜன் அடுத்த டேக்கில் கண்ணை உருட்டினார். ராகேஷுக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்ரீலேகா வேண்டாம் என்றாள். நேரம் போகிறது என்று அவன் எரிந்து விழுந்தும் அவள் நகரவில்லை. ஒன்பதாவது டேக்கில்தான் வரதராஜன் பழைய ராஜா கம்பீரத்தோடு, உயிர்போகிற விஷயம் போல ரசம் கேட்டார்.

படம் முப்பது தியேட்டர்களில் வெளியானது. பல இடங்களில் பத்தே நாளில் தூக்கிவிட்டார்கள். செகந்திராபாத்தில் மட்டும் நாலு வாரம் ஓடியது. வரதராஜன் தங்கத்தோடு போய்க் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

அதன்பின் இரண்டு தயாரிப்பாளர்கள் ஸ்ரீலேகாவிடம் காமெடிக் கதை கேட்டார்கள். அறுபது பேரைப் பயமுறுத்தப் போய்த் தோற்றது அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. முதலில் ஒரு திரில்லர், காமெடி அப்புறம் என்று இருவரிடமும் சொன்னாள். ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் வரச் சொன்னார். திங்கட்கிழமை காலை அவர் ஆபீஸில் உட்கார்ந்து பாதிக் கதை சொன்னபோது, இதில் சிரிப்பு எங்கே வரும் என்று அவர் கேட்டார்.

"எங்கேயும் வராது சார்," என்றாள். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அவள் அடுத்த காட்சியைச் சொல்ல ஆரம்பித்தாள்.