கிடங்கில் வழங்கிய பெயர்கள்

பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குப் புது நிர்வாக மென்பொருளைக் கற்றுக்கொடுக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் அவளை அனுப்பி மூன்று மாதமாகிவிட்டது. கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை எல்லாம் இனி ஒரே திரைக்குள் வரவேண்டும். வேலை ஓர் அடி நகரவில்லை. பட்டப்பெயர் மட்டும் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது: பாஸ்வேர்டு மேடம்.

மறந்துபோன பாஸ்வேர்டுக்காக நாளெல்லாம் அவளுக்குப் போன் அடிப்பார்கள். மற்றபடி ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேன்டீனில் அவள் தட்டோடு வந்தால் பேச்சு அடங்கிவிடும். யார் மந்தம் என்று மேலிடத்துக்குப் போட்டுக்கொடுக்க வந்தவள் என்று நினைப்பு. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். தங்கும் அறைக்குத் திரும்பியதும் டிவியைச் சத்தம் குறைத்துப் போட்டு வைப்பாள். உள்ளே யாரோ இருப்பதுபோல இருக்கும்.

கிடங்குப் பொறுப்பாளர்தான் பெரிய தலைவலி. வகுப்புக்கு வருவார், தலையை ஆட்டுவார், போய்ப் பழைய நோட்டிலேயே எழுதுவார். கிடங்கு திரைக்கு வராமல் வேறெதுவும் வராது. ஒரு நாள் புரொஜெக்டரை அணைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு நான் பாடம் எடுக்கல. சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க. கிரீஸ் ஒட்டும், பாத்து," என்றார் அவர், திரும்பாமலே.

காலை முழுக்கப் பார்த்தாள். ஆட்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "யானைக்காது நாலு," "கம்மல் ஒரு டஜன்," என்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொடுத்தார். யானைக்காது என்பது அகலமான ரப்பர் தகடு. கம்மல், சின்னப் பித்தளை வளையம். திரையிலோ ஒவ்வொன்றும் பதினோரு இலக்க எண்.

"அந்த நம்பரை யாரும்மா ஞாபகம் வெச்சுப்பாங்க?" என்றார். "ஒண்ணு தப்பாத் தட்டினா லைனே நின்னுடும். அப்புறம் என் தலைதான் உருளும்."

அவளுக்குச் சுருக்கென்றது. பிடிவாதக்காரர் என்று மூன்று மாதமாக அறிக்கை எழுதியிருக்கிறாள்; மனுஷன் பயந்துபோயிருக்கிறார்.

"அந்தப் பேரெல்லாம் சொல்லுங்கண்ணே. ஒண்ணு விடாம."

நான்கு நாள். முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணோடும் அதன் பெயரைச் சேர்த்தாள். 'மொட்டைத்தலை' என்ற பெயருக்கு வந்தபோது, "இது பழைய மேனேஜர் ஞாபகமா வெச்சது, மேல சொல்லிடாதீங்க," என்றார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்தது அன்றுதான்.

ஐந்தாம் நாள் அவர் ஒற்றை விரலால் 'கம்மல்' என்று தட்டினார். எந்த அலமாரி, எத்தனை என்று திரை சொன்னது.

"அட, நம்ம பாஷை பேசுதே!"

பக்கத்துப் பிரிவு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவள் சொல்லி ஏறாதது அவர் சொல்லி ஏறியது. அடுத்த மாதத்துக்குள் தொழிற்சாலை மொத்தமும் திரைக்கு வந்துவிட்டது. சந்தேகம் என்றால் கிடங்குக்கு ஓடினார்கள். பாஸ்வேர்டு மாற்றுவதைக்கூட அவருக்கே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவளுடைய மேசைப் போன் ஓய்ந்தது. நினைத்தது நடந்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் பகலில் இரண்டு முறை ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள்.

தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதத்தையும் அடுத்த ஊருக்கான மாற்றல் உத்தரவையும் ஒன்றாக அனுப்பியது. கிளம்பும் நாளில் கிடங்குக்குப் போனாள். ஜன்னலில் கூட்டம். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "வாங்கம்மா. அவசரமா ஏதாவது வேணுமா?" என்றார்.

"இல்லண்ணே. சும்மாதான்."

"அப்ப சாயங்காலம் வாங்களேன். இப்ப கையே ஓயல."

சாயங்காலம் அவளுக்குப் பஸ். அதைச் சொல்லாமலே தலையசைத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா செல்போனில் கூப்பிட்டாள். "வேலை நல்லபடியா முடிஞ்சுதாடி?"

"முடிஞ்சுதுக்கா. இனிமே நான் இல்லாமலே அவங்க பாத்துப்பாங்க."

"அதுதானே வேணும்? பின்ன ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பஸ் சத்தம்," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.