துண்டு போட்டுப் பேசுவது

அம்மாவாசைக்குப் பொய் சொல்ல வராது. வராத ஆளின் தலையில்தான் இப்படியொரு பொய்யைக் கட்டிவிட்டது விதி. மனைவி வசந்தாவுக்கு வயிற்றில் புற்று, முற்றிப்போய்விட்டது என்று கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரையும் மகன் நிலவனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம் அப்பனும் மகனும், "அல்சர்தானாம்" என்றார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவும் முடியவில்லை.

நிலவன் லேசுப்பட்டவன் இல்லை. "அம்மாகிட்ட வாயத் தொறந்துடாதப்பா. சிந்துஜாவுக்கும் தெரிய வேணாம், வாயும் வயிறுமா இருக்கா" என்று மிரட்டியே வைத்திருந்தான். சிந்துஜா மகள். மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டு ஐந்து மாதக் கர்ப்பம். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைக் கையில் வாங்குவதைத் தவிர வசந்தாவுக்கு வேறு பேச்சே கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் தன்னைப்போல ஒரு பாவி உண்டா என்று நினைத்தபடி எழுந்து வெளியே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கக் கிளம்பிய மகனோடு வாசலில் நின்று குசுகுசுத்துவிட்டு உள்ளே வந்தார். வசந்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, அப்பனும் புள்ளயும் துண்டு போட்டுப் பேசறீங்க?"

"ஒன்னுமில்ல. அவன் வண்டி விஷயம்."

"துண்டு போட்டுப் பேசறதுன்னா இன்னான்னு தெரியுமா?"

"ரகசியமா பேசறது. எல்லாரும் சொல்றதுதான."

"மில்லுல வேல செஞ்ச ஆளுக்கு அவ்ளோதான் தெரியும்" என்று சிரித்தாள். அவளுடைய அப்பா மதகடிப்பட்டு சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். "வாங்கறவரும் விக்கிறவரும் கைய நீட்டுவாங்க. மேல ஒரு துண்டு. உள்ள ரெண்டு வெரலப் புடிச்சா ரெண்டு, அஞ்சயும் புடிச்சா அஞ்சு. சுத்தி ஊரே நின்னாலும் வெல ஒருத்தனுக்கும் தெரியாது. அதுலேர்ந்து வந்த பேச்சு."

சொல்லிக்கொண்டே அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். "கைய உள்ள வையுங்க."

"எதுக்கு?"

"அல்சருக்கா ரெண்டு பேரும் எம்மூஞ்சியப் பாக்காம திரியறீங்க? வாயால சொல்ல வேணாம். டாக்டர் எத்தன மாசம்னு சொன்னாரு?"

 நிலவன் திரும்பி வந்துவிடமாட்டானா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. துண்டுக்குள் கையை விட்டு, பூண்டுப் பிசுக்கு ஒட்டிய அவள் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சா?" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப புள்ளயப் பாத்துடுவேன்."

அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இன்னொரு பொய்யா, அதுவும் இவளிடமா? கண்ணீர் வழிய அவளுடைய கட்டைவிரலை விட்டார். பிறகு சுண்டுவிரலையும் விட்டார்.

மிச்சத்தைப் பிடித்திருந்த அவர் கையை அவள் உதறவில்லை. 

"வளைகாப்ப ஒம்பதாம் மாசம் வெக்க வேணாம்" என்றாள். "ஏழுலயே வெச்சிடுவோம்."