சங்கையா நின்ற இடம்

எனக்கு ஹாக்கி தெரியாது என்று எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு நினைப்பு. சடங்கான காலத்திலிருந்து கண்மாய்க் கரையில் நின்று ஆட்டம் பார்த்தவள் நான். அடிக்கிறவன் தோளைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காலத்து பேக்கு உசத்தியா, இந்தக் காலத்து பேக்கு உசத்தியா என்று வாய் கிழியப் பேச எனக்கு நேரம் இருந்ததில்லை. அது ஆண்கள் பார்க்கிற வேலை. அந்தப் பேச்சுதான் என் தம்பியைக் கொன்றது.

பேக்கு என்றால் கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். பரளச்சிக்கு அப்பால் கிடக்கும் எங்கள் ஊருக்கு மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியார் ஒருவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம் இது. கருவேலங்கம்பைத் தீயில் வாட்டி வளைத்தால் மட்டை. பங்குனியில் தண்ணீர் வற்றியதும் கண்மாய்தான் மைதானம். ஈஸ்டருக்கு மறுநாள் நரிக்குடி ஆட்கள் வந்து ஆடுவார்கள். அந்த ஒரு ஆட்டத்தை வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் சங்கையா அண்ணனில்தான் முடியும். பத்து வருஷத்துக்கு முன் ஆடியவர். பந்தோடு யார் ஓடிவந்தாலும் இம்மி நகரமாட்டார், நட்ட கல்லாக நிற்பார், பந்தைக் காலால் வாங்குவார், திருப்பி ஓங்கி அடித்தால் பந்து கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்கு வரை போகும். அப்படிப் பந்து வாங்கி வாங்கித்தான் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் போனதென்று ஊரே நம்பியது. ஆட்டத்தன்று அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து கோலுக்குப் பின்னால் வைப்பார்கள். அந்த வருஷம் பேக்கு ஆடுகிறவன் அவருடைய முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். கிறிஸ்தவ வேதக்காரப் பையனானாலும் அதில் விலக்கு கிடையாது.

என் தம்பி தாவீதுராஜும் தொட்டுக் கும்பிட்டுத்தான் இறங்கினான். ஆனால் அவன் ஆட்டம் வேறு. பந்தோடு வருகிறவன் முன்னால் போய் விழமாட்டான். அவனுக்கு முகம் கொடுத்தபடியே பின்னால் ஓடுவான், ஓடிக்கொண்டே அவனை ஓரத்துக்கு ஒதுக்குவான். அவன் தலை குனிகிற நேரம் பார்த்து மட்டையை நீட்டுவான், பந்து இவனிடம் இருக்கும். எடுத்த பந்தைக் கலுங்குக்கு அனுப்பாமல் நம் ஆள் ஒருவனுக்கு அழகாக உருட்டிவிடுவான். அவன் ஆடிய இரண்டு ஈஸ்டரிலும் நரிக்குடிக்காரர்களால் ஒரு கோல் போட முடியவில்லை. சங்கையா அண்ணன் காலத்தில் எத்தனை கோல் வாங்கினோம் என்று யாராவது எண்ணினார்களா? எண்ணமாட்டார்கள்.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் நண்டு.

"ஜெயிச்சா மட்டும் போதுமாய்யா? நிக்கணும்லே! சங்கையா நிக்கிறதைப் பாத்த கண்ணால இவன் பின்னால ஓடுறதையும் பாக்க வேண்டியிருக்கு" என்பார் பூமிநாதன். ஆட்டத்தை முன்னின்று நடத்துகிறவர், காப்பிக் கடையில் அவர் குரல்தான் பெரிய குரல். கடையிலிருந்து தாவீது திரும்பும்போது முகம் செத்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாயில் வைக்கமாட்டான். ஜெயித்து வந்தவன் இருக்கிற இருப்பா இது?

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. நரிக்குடிக்காரர்களிடம் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவன் சேர்ந்திருக்கிறான், அவனிடம் நிஜமான மட்டையும் வெள்ளைத் தோல் பந்தும் இருக்கின்றன, அவன் அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியாது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து தாவீது தூங்கவில்லை. பயந்தல்ல. இவனுக்கு முன்னால் நின்று காட்டிவிட்டால் ஊர் வாய் அடைபடும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் ஊருணியில் சங்கையா அண்ணனின் மனைவி மாயக்காள் துணியை மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். என் ஆத்திரத்தை அவளிடம் கொட்டினேன்.

"ஒங்க வீட்டுக்காரரு கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு நில்லுலே நில்லுலேன்னு கத்துறாரே மதினி, எந்தம்பி செத்தாத்தான் அவருக்கு மனசு ஆறுமா?"

அவள் கை நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அவுக எங்க நின்னாக? ஓட முடியல, நின்னாக. கலியாணம் முடிஞ்ச வருசமே முழங்கால்ல நரம்புச்சிலந்திப் புழு வந்துருச்சு. இந்த ஊருணித் தண்ணி குடுத்த சீரு. குச்சியில சுத்திச் சுத்தி நான்தான் புழுவை இழுத்தேன். பாதியில அறுந்துபோச்சு. கால் வீங்கி, அன்னைக்கு நின்ன முட்டிதான், இன்னும் மடங்கல. பந்து பட்டு மடங்காமப் போன காலு இல்ல. மடங்காத காலோடதான் ஆட வந்தாக. சொன்னா சேக்கமாட்டாங்கன்னு துணியைச் சுத்திக்கிட்டு ஆடுனாக."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இதைச் சொன்னால் தம்பிக்கு வெறி இறங்கிவிடும் என்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு. தாவீது மட்டையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒனக்குக் கடவுள் ரெண்டு நல்ல காலைக் குடுத்திருக்கார்டா. அந்த மனுசனுக்கும் இந்தக் காலு இருந்திருந்தா ஒன்னை மாதிரித்தான் ஓடியிருப்பாரு."

அவன் மட்டையைத் தீயிலிருந்து எடுத்தான். பிறகு நிமிர்ந்தபோது அவன் கண்ணில் நீர் நின்றது.

"மடங்காத காலோட அவரு நின்னிருக்காருன்னா, ரெண்டு காலும் நல்லா இருந்துக்கிட்டு நான் ஓடுறேனே அக்கா. எனக்கு வெக்கமா இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். திட்டினேன், கெஞ்சினேன், மட்டையைப் பிடுங்கி அடுப்பில் போடப் போனேன். "இதை வெளிய சொல்லிராத, அவுக மானம் போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆட்டத்தன்று அவன் சங்கையா அண்ணனின் முழங்காலைத் தொட்டவன், மற்றவர்களைப் போலச் சட்டென்று கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடியே இருந்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார், ஏதோ புரிந்ததுபோல வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

பாதி ஆட்டம் வரை தாவீது தன் ஆட்டத்தைத்தான் ஆடினான். பட்டாளத்தான் வரும்போதெல்லாம் கூடவே பின்னால் ஓடி ஓரத்தில் கொண்டுபோய் முடக்கினான். அவன் அடிக்க இடமே கிடைக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது பூமிநாதன் "நண்டு ஓடுது பாரு, வளையைத் தேடி!" என்று கத்தினார். கரையே சிரித்தது. அடுத்த தடவை பட்டாளத்தான் நடுவாக வந்தான். தாவீது ஒரு அடி பின்னால் வைத்தான்.

"நில்லுலே!" கட்டிலிலிருந்து சங்கையா அண்ணனின் குரல்.

வைத்த காலைத் தாவீது முன்னால் எடுத்துக்கொண்டான். நின்றான். கரையிலிருந்து "ஓடுடா, தாவீது, ஓடுடா!" என்று நான் கத்தியது யார் காதில் விழுந்தது? பட்டாளத்தான் அடித்த வெள்ளைப் பந்து கரிசல் வெடிப்பின் விளிம்பில் பட்டு எகிறி அவன் காதோரம் அடித்தது. அவன் மடங்கி விழவில்லை. நின்ற வாக்கிலேயே சாய்ந்தான்.

வண்டி கட்டி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பரளச்சியைத் தாண்டுவதற்குள் என் மடியில் அவன் தலை கனத்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் சங்கையா அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு தானாகவே நடந்து வந்தார். உட்கார முடியாமல் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி நின்றுகொண்டு, எல்லார் முன்னாலும் உடைந்து அழுதார்.

"நான் நிக்கலய்யா. எனக்கு ஓட முடியல. சிலந்தி புடிச்ச காலுய்யா இது. அவன் ஆடுனதுதான் ஆட்டம். பொறாமையிலதான் கத்துனேன், பாவி."

பிறகு பூமிநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பெரிய மனுசன் பெருந்தன்மையைப் பாத்தீகளா? செத்த பையனுக்காகத் தன்னையே தாழ்த்திக்கிறாரு. பையனும் லேசுப்பட்டவன் இல்ல. சங்கையாவுக்குச் சமமா நின்னுட்டான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் தம்பி காத்துக் கிடந்தான். அதைப் பெட்டிக்கு மேலே வைத்துச் சொன்னார்கள். பூமிநாதன் முகத்தில் காறித் துப்பலாம்போல இருந்தது. நான்கு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஈஸ்டருக்குக் கட்டில் வரவில்லை. எவ்வளவு அழைத்தும் சங்கையா அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வர மறுத்துவிட்டார். சரி, பீடை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு தம்பி கல்லறையில் பூ வைக்கப் போனேன். அங்கே புது பேக்கு, அருஞ்சுனை, மட்டையோடு குனிந்து சிலுவையின் அடியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூமிநாதனும் மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏலே, இவன் ஓடத் தெரிஞ்சவன்டா! காலு ரெண்டும் நல்லா இருந்துச்சு. ஓடியிருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பான்டா!"

அருஞ்சுனை என் கையை மெதுவாக விலக்கினான்.

"தெரியும்க்கா" என்றான். "ஓடத் தெரிஞ்சும் நின்னாரே."

கண்மாயில் விசில் ஊதினார்கள். அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினான்.