அசைந்தால் எரியும் விளக்கு

அறிவுச்செல்வன் ரேணுகாம்பாளுக்குத் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர் கட்டிய தியானக் குடிலுக்கு மண் குழைத்துச் சுவர் பூசிய சித்தாள் கூலி. மேஸ்திரியும் கூரை வேய்ந்தவர்களும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவளிடம் மட்டும், முதல் விருந்தாளி வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் கேஸ் தீர்ந்துபோய், அவள் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு பொங்கினாள்.

குடிலில் கரண்டு கிடையாது. லைன் இழுக்க ஆகும் செலவைக் கேட்டதுமே அறிவுச்செல்வனுக்கு இயற்கை மேல் பக்தி வந்துவிட்டது. மின்சாரம் தீண்டாத அறை என்று போனில் விளம்பரம் போட்டு, ராத்திரிக்கு நாலாயிரம் என்று வாடகை வைத்தார். ரேணுகாம்பாள் வீட்டையும் ரொம்ப வருஷம் மின்சாரம் தீண்டாமல்தான் இருந்தது. அப்போது பெங்களூரிலிருந்து ஒருத்தரும் வந்து தங்கவில்லை.

ஆனால் அறை இதமாக, மஞ்சள் மஞ்சளாக மினுங்க வேண்டுமே. அகல் ஏற்றலாம் என்றால் மேலே புல் கூரை. அதனால் சுவரில் ஒட்டும் பேட்டரி விளக்கு மூன்று வாங்கி, பின்பக்க ஜன்னல் ஓரமாக ஒட்டினார். பக்கத்தில் ஆள் அசைந்தால் எரியும். அசைவு இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நிற்காமல் எரிகிற விளக்கும் கடையில் இருந்தது. அது விலை ஜாஸ்தி.

முதல் விருந்தாளியாகப் பெங்களூரிலிருந்து பிரசாத் வந்தார். சாயங்காலம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது. கையை ஆட்டினார், எரிந்தது. அடங்கி உட்கார்ந்தார், அணைந்தது. மனசை அடக்க வந்த மனுஷன் கொசு விரட்டுகிறவர் மாதிரி ஆகிவிட்டார். நடுவில் ஒரு பூனை ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தபோது விளக்கு தானாக எரிய, அருள் என்று கும்பிட்டார். பூனை இறங்கிப் போனது. அருளும் போனது. நாளைக்கும் இப்படியென்றால் காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது கூலி கேட்டு ரேணுகாம்பாள் வந்தாள். அவளைப் பார்த்ததும் அறிவுச்செல்வன் முகம் மலர்ந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகத் திரைக்குள் கையை விட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறொன்றும் இல்லை என்றார்.

"இன்னா சார், சுவரும் நானே பூசி, கரண்டும் நானேவா?"

"மெதுவா பேசும்மா. அவரு எழுந்ததும் எல்லாம் செட்டில் பண்ணிடறேன்."

அவள் ஆட்டினாள். அடுப்புக்கு விசிறுகிற கைதானே, பழக்கந்தான். உள்ளே பிரசாத் முதுகைக் காட்டிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். சுவரெல்லாம் மஞ்சள் வெளிச்சம். அவள் பூசியது அழகாகத்தான் இருந்தது. இந்த ஆள் எழுந்துவிட்டால் தன் காசு மறுபடி படுத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தோன்றியது.

கையை நிறுத்தினாள்.

குடில் இருண்டது. உள்ளே செருமும் சத்தம் கேட்டது. அறிவுச்செல்வன் குடிலைச் சுற்றி ஓடிவந்தார்.

"ஆட்டும்மா, ஏன் நின்னுட்ட?"

"கை வலிக்குது சார். அந்த ஆயிரத்து எண்ணூத்தம்பது வந்தா வலி கம்மியாவும்."

"காலையில தரேம்மா, சத்தியமா."

"காலையில சூரியன் வந்துடும் சார். அப்ப நான் எதுக்கு?"

உள்ளிருந்து பிரசாத், யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தார். அறிவுச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு பையில் கையை விட்டார். நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது. போனில் டார்ச் போட்டு அவரே வெளிச்சம் பிடிக்க, அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மீதி நூற்றைம்பது கேட்டார்.

"அது இன்னைக்கு கை ஆட்டுன கூலி சார்."

நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கையைத் திரைக்குள் விட்டாள். விளக்கு எரிந்தது. உள்ளே பிரசாத் கைகூப்பி, அண்ணாமலையாரே என்று தழுதழுத்தார். பழைய பாக்கி தீர்ந்துபோன கை, வலி தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.